கவனம் பழகினால் மனச்சோர்வு குறையுமா?

தனி ஊசல் சோதனையை உங்களில் பலர் பள்ளியிலேயே செய்திருப்பீர்கள். நூலில் கட்டிய குண்டைச் சற்றே இழுத்து விட்டு, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளக்க வேண்டும். இதைவிட எளிய சோதனை இயற்பியலில் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் முதலாண்டு மாணவன் ஒருவனால் இதைச் செய்ய முடியவில்லை. ஏழாவது எட்டாவது அலைவிலேயே எண்ணிக்கையைத் தவறவிட்டுவிடுவான். மறுபடி தொடங்குவான், மறுபடியும் தவறும். மூன்று வாரம் இப்படியே போயிற்று. "கவனம் எங்கேயப்பா இருக்கிறது? மனத்தை ஒருமுகப்படுத்து" என்று மற்ற மாணவர்கள் முன்னிலையில் கடிந்துகொண்டேன். தலை குனிந்து நின்றான். அடுத்த வாரத்திலிருந்து சோதனைச் சாலைக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

அவனுக்கு மனச்சோர்வு நோய் இருந்தது என்பதும், அந்த நாட்களில் அவன் இரவில் இரண்டு மணி நேரம்கூடத் தூங்கவில்லை என்பதும், அவனுடைய அத்தை கல்லூரிக்கு வந்து சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. சிகிச்சை பெற்று, நான்கு மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தான். "அப்போது எண்ணும்போது உனக்கு என்னதான் ஆயிற்று?" என்று ஒரு நாள் கேட்டேன். "எண்ணிக்கொண்டுதான் இருப்பேன் சார். நடுவிலே முதல் தேர்வில் வாங்கிய மதிப்பெண் நினைவுக்கு வரும். அதிலேயே நின்றுவிடும். திரும்பிப் பார்த்தால் குண்டு தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும்" என்றான்.

அவன் சொன்னது என்னை வெகுநாள் விடவில்லை. கவனமே இல்லாதவன் என்று நான் நினைத்த மாணவனிடம் கவனம் இருக்கத்தான் இருந்தது. ஆனால் அது ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டது. அங்கிருந்து அதைப் பெயர்த்தெடுக்க அவனால் முடியவில்லை. இதன் பிறகே உளவியலார் கவனத்தைப் பற்றி என்ன கண்டிருக்கிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். கவனத்தைப் பயிற்றுவித்தால் மனச்சோர்வின் அறிகுறிகள் குறையும் என்று சிலர் ஆராய்ந்து வருவது அப்போதுதான் தெரிந்தது. கணிப்பொறித் திரையில் நாளுக்குச் சில நிமிடங்கள் ஒரு விளையாட்டைப் போன்ற பயிற்சி, அவ்வளவே. இது உண்மையாயின் எவ்வளவு நல்லது! ஆனால் உண்மைதானா? நான் மருத்துவன் அல்லன். அளவிடுவது எப்படி என்பதைக் கற்பிக்கிறவன். அந்தக் கண்ணோடுதான் இதைப் பார்க்கிறேன்.

கவனம் என்பது கண் நோக்கும் இடம்தானே என்று தோன்றும். அப்படியில்லை என்று காட்டியவர் ஓர் இயற்பியலாளர். ஆற்றல் அழியாமை விதியை 1847-இல் விளக்கி எழுதிய ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ்தான் அவர். இருட்டான பெட்டி ஒன்றினுள் எழுத்துகள் அச்சிட்ட தாளை வைத்தார். பெட்டியில் ஊசித்துளை வழியே தெரிந்த ஒரே ஒளிப்புள்ளியின்மேல் கண்ணை அசையாமல் நிறுத்திக்கொண்டார். பிறகு மின்பொறி ஒன்றை வெட்டவிட்டு ஒரு கணம் மட்டும் எழுத்துகளுக்கு ஒளியூட்டினார். கண்ணை நகர்த்த அந்த நேரம் போதாது. ஆயினும் தாளின் எந்தப் பகுதியைக் கவனிப்பது என்று முன்கூட்டியே மனத்தில் முடிவு செய்துகொண்டால், அந்தப் பகுதியில் இருந்த எழுத்துகளை மட்டும் அவரால் படிக்க முடிந்தது. கண் ஓரிடத்தில் இருக்க, கவனம் வேறோரிடம் சென்றுவர முடியும் என்பது இதனால் விளங்கியது. வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடியே மைதானத்துப் பந்தாட்டத்தைக் கவனிக்கும் கலை உங்களுக்குத் தெரியாததா என்ன!

இனி மனச்சோர்வு. தேர்வில் தோற்றால் வருந்துவது நோயன்று. நண்பன் பேசாமல் போனால் அழுவதும் நோயன்று. ஏறக்குறைய நாள் முழுவதும், இரண்டு வாரத்துக்குக் குறையாமல், மனம் கனத்துக் கிடப்பது, அல்லது எதிலும் விருப்பமற்றுப் போவது. அதனோடு தூக்கமும் பசியும் கெடுவது, உடல் தளர்வது, தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று எண்ணுவது, சாவைப் பற்றி நினைப்பது போன்றவற்றில் பலவும் சேர்ந்துகொள்வது. இதையே மருத்துவர்கள் நோய் என்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் ஒன்பது அறிகுறிகளின் பட்டியலில் 'மனத்தை ஒன்றில் செலுத்த முடியாமை' என்பதும் ஒன்று. இந்த வரியைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. காய்ச்சல்காரனைப் பார்த்து "ஏன் சூடாக இருக்கிறாய்?" என்று கடிந்தவன் போல ஆகியிருக்கிறேன். உலகில் ஏறக்குறைய 30 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடுகள் சொல்கின்றன.

மனம் சோர்ந்தவர்கள் சுற்றியுள்ளவற்றில் வருத்தம் தருவதையே பொறுக்கி எடுத்துக்கொள்கிறார்கள் என்று அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் எழுதினார். பத்துப் பேர் பாராட்டி ஒருவர் முகம் சுளித்தால், அந்த ஒரு முகமே வீடு வரை கூட வரும். நோயாளிகளோடு பேசிப் பேசி அவர் கண்டறிந்தது இது. ஆனால் பேச்சில் கண்டதை அளந்து காட்ட வேண்டாமா? அதற்கு ஒரு கருவி வேண்டியிருந்தது.

அந்தக் கருவி 1986-இல் கிடைத்தது. இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மக்லியோட், மாத்யூஸ், டாட்டா என்ற மூவர் ஓர் எளிய முறையை வெளியிட்டனர். திரையில் மேலே ஒரு சொல், கீழே ஒரு சொல், அரை விநாடி தோன்றி மறையும். ஒன்று அச்சமூட்டும் சொல். மற்றொன்று சாதாரணச் சொல். தமிழில் செய்வதானால் 'விபத்து' என்றும் 'நாற்காலி' என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சொற்கள் மறைந்ததும் அவற்றுள் ஒன்று இருந்த இடத்தில் சிறு புள்ளி தோன்றும். புள்ளியைக் கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். உங்கள் கவனம் ஏற்கெனவே 'விபத்து' இருந்த இடத்துக்குப் போயிருந்தால், அங்கே வரும் புள்ளியைச் சீக்கிரம் காண்பீர்கள். எதிர்ப்பக்கம் வருவதைச் சற்றுத் தாமதமாகக் காண்பீர்கள். இரண்டு நேரங்களுக்கும் உள்ள வேறுபாடே உங்கள் கவனத்தின் சாய்வு. மனத்தின் உள்ளே நடப்பதை ஒரு பொத்தானையும் ஒரு கடிகாரத்தையும் கொண்டு அளக்கும் இந்த யுக்தி அழகானது என்பதில் ஐயமில்லை.

அந்தச் சோதனையில் பதற்ற நோய் உள்ளவர்களின் கவனம் அச்சமூட்டும் சொல்லின் பக்கம் சாய்ந்தது. ஆனால் மனச்சோர்வு உள்ளவர்களிடம் அப்படிப்பட்ட சாய்வு தெரியவில்லை! பெக் சொன்னது தவறா? பின்னர் வந்த ஆய்வாளர்கள் காட்சி நேரத்தை நீட்டிப் பார்த்தனர். சொல்லுக்குப் பதில் சோகமான முகங்களையும் வைத்தனர். ஒரு விநாடி காட்டியபோது மனச்சோர்வு உள்ளவர்களின் கவனம் சோக முகத்தின் பக்கம் இருந்ததை 2004-இல் அமெரிக்காவில் காட்லிப் குழுவினர் கண்டனர். பதறுகிறவனின் கவனம் பயமுறுத்துவதை நோக்கி விரைந்து பாய்கிறது. சோர்ந்தவனின் கவனம் அப்படிப் பாய்வதில்லை. போய்ச் சேர்ந்த பிறகு அங்கிருந்து எளிதில் விலகுவதில்லை. என் மாணவன் சொன்னதும் இதுவேதான்.

சாய்வு இருக்கிறது என்றால் அதை நிமிர்த்த முடியுமா? 2002-இல் மக்லியோடும் அவருடைய குழுவினரும் இதற்கும் அதே புள்ளியைப் பயன்படுத்தினர். இம்முறை மக்லியோட் இருந்தது மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில். மாணவர்களை இரண்டு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குப் புள்ளி எப்போதும் சாதாரணச் சொல்லின் இடத்திலேயே வந்தது; மற்றப் பிரிவுக்குக் கெட்ட சொல்லின் இடத்திலேயே வந்தது. யாருக்கும் இதைச் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான முறை இப்படிப் பழகியபின் கவனம் தானாகவே அந்தந்தப் பக்கம் சாயக் கற்றுக்கொண்டது. அதன் பிறகு எல்லாருக்கும் கடினமான எழுத்துப் புதிர்களைக் கொடுத்துச் சற்றுத் திண்டாட வைத்தனர். நல்ல பக்கம் பழகியவர்கள் அவ்வளவாக மனம் கலங்கவில்லை. கெட்ட பக்கம் பழகியவர்கள் அதிகம் கலங்கினர். ஒரு காரணத்தை மாற்றி அதன் விளைவு மாறுகிறதா என்று பார்ப்பதுதான் நல்ல சோதனையின் இலக்கணம். அந்த இலக்கணத்துக்கு இது பொருந்துகிறது. ஆனால் இவர்கள் நோயாளிகள் அல்லர் என்பதையும், பார்த்தது ஒருநாள் கலக்கம்தான் என்பதையும் மறக்கக்கூடாது.

மனச்சோர்வுக்கு இதை முயன்றவர்களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துப் பீவர்ஸ் குறிப்பிடத்தக்கவர். 2010-இல் அவரும் உடன் ஆராய்ந்தவரும் வெளியிட்ட ஆய்வில், இலேசானது முதல் நடுத்தரமானது வரை மனச்சோர்வு இருந்த 34 கல்லூரி மாணவர்கள் பங்கு கொண்டனர். இரண்டு வாரத்தில் நான்கு அமர்வுகள். பயிற்சி பெற்றவர்களின் அறிகுறிகள் மற்றவர்களுடையதைவிட அதிகமாகக் குறைந்தன. இந்த மாதிரி முடிவு வந்தால் யாருக்குத்தான் மகிழ்ச்சி வராது? எனக்கும் வந்தது. அதே பீவர்ஸின் அடுத்த ஆய்வு 2015-இல் வந்தது. இம்முறை நோய் என்றே மருத்துவ முறைப்படி கண்டறியப்பட்ட 52 பேர். பாதிப் பேருக்கு உண்மைப் பயிற்சி; மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதேபோல இருந்து, புள்ளி இரண்டு பக்கமும் சமமாக வரும் போலிப் பயிற்சி. நான்கு வாரத்தில் உண்மைப் பயிற்சி பெற்றவர்களின் அறிகுறிகள் குறைந்தன. போலிப் பயிற்சி பெற்றவர்களுக்கும் குறைந்தன!

இங்கேதான் நீங்கள் சற்று நிற்க வேண்டும். போலிப் பயிற்சியால் ஏன் குறைய வேண்டும்? சளி பிடித்த மூன்றாம் நாள் பாட்டி கொடுக்கும் கஷாயத்தை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் நாள் சளி போய்விடும். பாட்டி கஷாயத்தைச் சொல்வாள். கஷாயம் குடிக்காத பக்கத்து வீட்டுப் பையனுக்கும் ஐந்தாம் நாளே போயிருக்கும். (பாட்டியிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.) மனச்சோர்வு ஏறியும் இறங்கியும் வரும் நோய். மக்கள் மிக மோசமாக உணரும் சமயத்தில்தான் உதவி தேடி வருகிறார்கள். மிக மோசமான நிலையிலிருந்து பெரும்பாலும் சற்று நல்ல நிலைக்குத்தான் போக முடியும். இதோடு, வாரந்தோறும் ஒருவர் அக்கறையாக வரவேற்று "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பதும், ஏதோ செய்கிறோம் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கின்றன. இவை யாவும் உண்மைப் பயிற்சிக்கும் உண்டு, போலிப் பயிற்சிக்கும் உண்டு. ஆகவே 'குறைந்தது' என்று மட்டும் ஒருவர் சொன்னால் நம்பிவிடக் கூடாது. எதைவிடக் குறைந்தது என்று கேட்க வேண்டும்.

நார்வே நாட்டில் ஜோனாசனும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு இதைவிடப் பெரியது. மனச்சோர்வு ஏற்கெனவே வந்து, பெரும்பாலும் குணமடைந்து, மிச்ச அறிகுறிகள் சில இருந்த 321 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாக்கினர். இரண்டு வாரப் பயிற்சி. இந்தத் தடவை முகங்கள். யாருக்கு எந்தப் பயிற்சி என்பது பயிற்சி பெறுபவருக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது. 2019-இல் முடிவை வெளியிட்டனர். மதிப்பிடுபவர் கேட்டுப் போட்ட மதிப்பெண்படி உண்மைப் பயிற்சிக் குழுவில் அறிகுறிகள் சிறிதளவு அதிகமாகக் குறைந்திருந்தன. ஆனால் அதே மனிதர்கள் தாங்களே நிரப்பிய வினாத்தாளில் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஒரே வெப்பநிலையை இரண்டு வெப்பமானிகள் இருவிதமாகக் காட்டினால் நீங்கள் என்ன எழுதுவீர்கள்? நான் இரண்டையுமே எழுதச் சொல்வேன். அவர்களும் அப்படித்தான் இரண்டையும் வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்காகவே அந்த ஆய்வு எனக்குப் பிடித்திருக்கிறது.

எனக்கு மிகவும் உறுத்தியது இவை எதுவுமன்று, அளவுகோலே. 2005-இல் ஷ்முக்லே என்ற ஜெர்மானியர் ஒரு வாரம் இடைவிட்டு அதே மனிதர்களுக்கு அதே புள்ளிச் சோதனையை இரண்டு முறை வைத்தார். முதல் முறை அதிகச் சாய்வு காட்டியவர் இரண்டாம் முறையும் அதிகம் காட்ட வேண்டுமல்லவா? அப்படி நேரவில்லை. இரண்டு அளவீடுகளுக்கும் தொடர்பே இல்லை எனும்படி இருந்தது. இன்று 50 கிலோ, நாளை 62 கிலோ, மறுநாள் 41 கிலோ என்று ஒரே அரிசி மூட்டைக்கு எடை காட்டும் தராசை எந்தக் கடைக்காரர் வைத்துக்கொள்வார்?

ஏன் இப்படி ஆகிறது என்பதை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். 30 செ.மீ. அளவுகோலை நண்பர் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடிக்கட்டும். அதன் சுழிக்குறிக்கு நேராக உங்கள் விரல்களைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் விடுவார், நீங்கள் பிடியுங்கள். 12 செ.மீ.யில் பிடித்தால் உங்கள் மறுவினை நேரம் 0.156 விநாடி. 22 செ.மீ.யில் பிடித்தால் 0.212 விநாடி. தடையின்றி விழும் பொருள் கடக்கும் தொலைவுக்கான சூத்திரத்தை வைத்து நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இருபது முறை செய்து அட்டவணை போடுங்கள். ஒரே கை, ஒரே அளவுகோல். ஆனாலும் எண்கள் எப்படிச் சிதறுகின்றன பாருங்கள். அந்தச் சிதறல் உங்கள் குறை அன்று. நரம்பும் தசையும் அப்படித்தான் வேலை செய்கின்றன.

புள்ளிச் சோதனையிலும் இந்தச் சிதறல் உண்டு. ஒருவருடைய மறுவினை நேரம் சராசரியாக 500 மில்லி விநாடி என்றும், ஒவ்வொரு முறையும் அது 100 மில்லி விநாடி அளவுக்குக் கூடியும் குறைந்தும் வருகிறது என்றும் கொள்வோம். சோகமான பக்கம் 40 முறை, சாதாரணப் பக்கம் 40 முறை அளக்கிறோம். 40 அளவீடுகளின் சராசரியில் வரும் பிழையைக் காண, 100-ஐ 40-இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும்; ஏறத்தாழ 16 வரும். இப்போது ஒரு சராசரியிலிருந்து மற்றதைக் கழிக்கிறோம். அளவுகளைக் கழிக்கலாம், பிழைகள் கழியமாட்டா, சேர்ந்துகொள்ளும். 16-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 22. நாம் தேடும் சாய்வு எவ்வளவு? 10 அல்லது 20 மில்லி விநாடிதான்! பிழை 22, அளக்க வேண்டியது 20. இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணைப் பெறும் சோதனைகள் எல்லாவற்றுக்கும் வரும் ஆபத்து இது. லாரியை ஓட்டுநரோடு ஒரு முறையும் ஓட்டுநர் இல்லாமல் ஒரு முறையும் எடை மேடையில் நிறுத்திக் கழித்து, ஓட்டுநரின் எடையைக் கண்டுபிடிப்பது போல.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நூறு பேரை அளந்து சராசரி எடுத்தால் இந்தப் பிழை பெரிதும் அடங்கிவிடும். ஆகவே 'மனச்சோர்வு உள்ளவர்களின் கவனம் பொதுவாக இப்படிச் சாய்கிறது' என்ற கூற்று இதனால் பொய்யாகிவிடாது. ஆனால் ஒரு தனி மனிதரைப் பார்த்து, "உங்கள் சாய்வு இவ்வளவு இருந்தது, பயிற்சியால் இவ்வளவாகக் குறைந்துவிட்டது" என்று சொல்ல இந்தக் கருவி உதவாது. சிகிச்சை நடப்பதோ தனி மனிதருக்கு.

ஆய்வாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். கண் எங்கே எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைக் காமிராவால் தொடர்ந்து பதிவு செய்யும் முறைக்குப் பலர் மாறி வருகிறார்கள். டெல் அவீவில் ஒரு குழுவினர், பல முகங்கள் கொண்ட படத்தில் வருத்தம் தராத முகங்களைப் பார்க்கும்போது மட்டும் பிடித்த பாட்டு ஒலிக்கும்படி அமைத்து, கண்ணுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பாட்டைக் கேட்க வேண்டுமானால் சோகத்திலிருந்து கண்ணை எடுக்க வேண்டும். நல்ல யுக்தி. முடிவுகள் பெருகட்டும், பார்ப்போம்.

திரையே இல்லாத முறையும் உண்டு. ஏட்ரியன் வெல்ஸ் 1990-இல் வெளியிட்ட பயிற்சியில் காதுக்குத்தான் வேலை. ஒரே சமயத்தில் பல திசைகளிலிருந்து வரும் பல ஒலிகளில் ஒன்றை மட்டும் சில நிமிடம் கேட்க வேண்டும்; பின் ஒலிக்கு ஒலி விரைவாகத் தாவ வேண்டும்; கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிடம். சோர்ந்த எண்ணம் நடுவில் வந்தால் அதை விரட்ட வேண்டாம். அதுவும் ஓர் ஒலி என்று விட்டுவிட்டு வேலையைத் தொடர வேண்டும். கவனத்தை இடம் மாற்றும் திறனையே இது பழக்குகிறது. மீண்டும் மீண்டும் மனச்சோர்வு வந்த நால்வர் இதனால் தேறினார்கள் என்று 2000-இல் ஓர் அறிக்கை வந்தது. நால்வர்தான், ஒப்பிட வேறு குழுவும் இல்லை. ஆகவே நம்பிக்கை தரும் தொடக்கம் என்பதற்கு மேல் அந்த அறிக்கையை வைத்துச் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தவர்களும் உண்டு. கவனத்தையும் பொருள்கொள்ளும் விதத்தையும் பயிற்றும் முறைகள் பற்றிய 49 சோதனைகளைக் கிறிஸ்டியா முதலியோர் 2015-இல் தொகுத்தனர். விளைவுகள் சிறியவை, பல ஆய்வுகள் சிறியவை, தரத்தில் குறைந்தவை, நல்ல முடிவு வந்தவை அச்சேறுவதும் வராதவை மேசை அறைக்குள் உறங்குவதும் வேறு. இதற்கும் கணக்கு வைத்துக் கழித்தால் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். மேசை அறைக்குள் உறங்கும் முடிவுகளைப் பற்றி நம் பாட நூல்களில் ஒரு வரிகூட இல்லை என்பது என் நெடுநாள் குறை. தவறிய சோதனையையும் பதிவேட்டில் எழுது என்று நான் சொன்னால் மாணவர்கள் என்னை விநோதமாகப் பார்க்கிறார்கள்.

என் கருத்து இதுதான். சோர்ந்த மனத்தில் கவனம் சிக்கிக்கொள்கிறது என்ற கண்டுபிடிப்பு மதிப்புள்ளது. அதைப் பயிற்சியால் விடுவிக்கலாம் என்ற எண்ணம் ஆராயத்தக்கது. விற்கத்தக்கதாக அது இன்னும் ஆகவில்லை. மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற ஒரு நிறுவனம், படிப்பில் சிறக்கலாம், முதுமையில் மறதியைத் தள்ளிப்போடலாம் என்றெல்லாம் போதிய சான்றின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்க அரசின் வாணிக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2016-இல் 20 லட்சம் டாலர் கட்ட வைத்தது. அது மனச்சோர்வுக்கான பயிற்சி அன்று. ஆயினும் விற்பவர் சொல்லுக்கும் ஆய்வாளர் சொல்லுக்கும் எவ்வளவு தூரம் என்பதை அது காட்டுகிறது. கைப்பேசியில் 'பத்தே நாளில் மனச்சோர்வு போகும்' என்று ஒரு விளையாட்டு வந்தால், யாரை எதனோடு ஒப்பிட்டார்கள், எத்தனை பேர், எந்தக் கருவியால் அளந்தார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் போவதுகூடப் பெரிதன்று. நோய்வாய்ப்பட்ட ஒருவர் அதையே நம்பி மூன்று மாதம் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிட்டால்? மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது. பெக் வகுத்த வழியில் பேசிக் குணப்படுத்தும் முறையும், மருந்துகளும் பல பெரிய ஆய்வுகளில் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுத் தேறியவை. எல்லாருக்கும் ஒரே அளவில் பலிக்காவிட்டாலும், பலருக்குப் பலிக்கின்றன. என் மாணவனுக்கும் பலித்தன. உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இப்படிக் கிடந்தால், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைக்குப் போகலாம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். சாவைப் பற்றிய நினைவு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே சொல்ல வேண்டும்.

மற்றொன்று ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும். இந்த இதழை வீட்டில் பெரியவர்களும் புரட்டுவார்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'கவனம் வை' என்பதை ஒரு மருந்தைப் போல நாம் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். திரையும் புள்ளியும் வைத்து, தேர்ந்த உளவியலார் வாரக்கணக்கில் பழக்கியும் சிறிதளவே அசைகிற ஒன்றை, ஓர் அதட்டலில் அசைத்துவிடலாம் என்று நினைக்கிறோம். அதட்டலுக்கு ஒரு விளைவு உண்டு. கவனம் சிக்கிக்கொள்ள இன்னுமொரு இடத்தை அது கொடுக்கிறது. முதல் தேர்வு மதிப்பெண்ணோடு, பலர் முன்னால் ஆசிரியர் திட்டியதும் சேர்ந்துகொள்கிறது.

இப்போது என் வகுப்பில் ஊசல் சோதனைக்கு இருவர் இருவராக நிற்கச் சொல்கிறேன். ஒருவர் எண்ணுவார், மற்றவர் கடிகாரம் பிடிப்பார்; பிறகு மாற்றிக்கொள்வார்கள். யாராவது திரும்பத் திரும்ப எண்ணிக்கையைத் தவறவிட்டால், மணி அடித்து எல்லாரும் போன பிறகு அவரை நிறுத்தி, நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேட்கிறேன். பெரும்பாலும் கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்திருப்பார்கள்.